ஆறடிச் சென்டர்களுக்கு: கல்லூரிக் கூடைப்பந்திலிருந்து சம்பளக் கூடைப்பந்துக்கு

மட்டக்களப்பில் ‘கல்லூரி அணிக்கு ஆடியவன்’ என்றால் பெரும்பாலும் பாடசாலை அணிக்கு ஆடியவன் என்றுதான் பொருள். மிக்கேல் கல்லூரியும் கல்லூரிதான். வந்தாறுமூலையில் இருப்பது பல்கலைக்கழகம். அமெரிக்காவில் கல்லூரி அணி என்றால் பல்கலைக்கழக அணி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, உயர்தரம் எழுதி முடித்த பையன் ஒருவன் ஆண்டுக்கொரு முறையாவது என்னிடம் வந்து, “அண்ணா, அடுத்தது என்பிஏதானே?” என்று கேட்பான். பாதி விளையாட்டு, பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அங்குள்ள சம்பளக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் 30 அணிகள். அணிக்கு வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர், இருவழி ஒப்பந்தத்தில் (என்பிஏக்கும் அதன் கீழ்நிலை லீக்குக்கும் மாறி மாறி ஆடுபவர்கள்) 3 பேர். மொத்தம் 540 இடங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தெரிவுசெய்ய ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் கூப்பிடப்படும் பெயர்கள் அதிகம் போனால் 60. பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அணி வைத்திருக்கின்றன. அங்கே பிறந்து, அங்கே வளர்ந்து, கண்ணாடி போன்ற மரத்தளத்தில் ஆடியவர்களிலேயே நூறில் ஒருவரோ இருவரோதான் மேலே போகிறார்கள். உயரம் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்குக்கு உயரம் ஏழடி இரண்டு அங்குலம். 2015இல் டல்லஸ் அணி அவரை 52ஆவது பெயராக அழைத்தது. என்பிஏ பருவகாலப் போட்டி ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை.

பெயர் கூப்பிடப்படாத மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. சிலர் என்பிஏயின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்குக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பருவத்துக்குச் சம்பளம் ஏறக்குறைய 40,000 டொலர்; என்பிஏயின் குறைந்தபட்சச் சம்பளம் பத்து லட்சம் டொலருக்கு மேல். பலர் வெளிநாட்டுக் கழகங்களுக்குப் போகிறார்கள். யூடோனிஸ் ஹாஸ்லம் 2002இல் புளோரிடா பல்கலைக்கழகத்தை முடித்தபோது எவரும் அவரை அழைக்கவில்லை. பிரான்சில் ஷலோன் என்ற ஊரின் கழகத்துக்கு ஓராண்டு ஆடினார். உடம்பை இறக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு மயாமி அணியில் 20 பருவங்கள், மூன்று கிண்ணங்கள். பென் வாலஸும் 1996இல் அழைக்கப்படாதவர்தான். ரிபவுண்டும் (தவறிய எறிகையின் பந்தைப் பிடிப்பது) தடுப்பாட்டமும் தவிர வேறு எதிலும் அவரைப் பெரிதாகச் சொல்ல முடியாது. அந்த இரண்டை வைத்தே 2021இல் கூடைப்பந்தின் புகழ் மன்றமான ஹால் ஒஃப் ஃபேமுக்குப் போனார். சம்பளம் கொடுக்கிற கழகம் உங்களிடம் ‘நல்ல ஆட்டக்காரனா?’ என்று கேட்பதில்லை. ‘எங்களுக்கு என்ன வேலை செய்து தருவாய்?’ என்றுதான் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் தயாரிப்பதுதான் கீழே வரும் எல்லாப் படிகளின் நோக்கமும்.

முதற்படி: சுவர், நாடா, பென்சில்

காலையில் எழுந்ததும் சப்பாத்து இல்லாமல் சுவரோடு குதிகாலை ஒட்டி நில்லுங்கள். தலைக்கு மேல் ஒரு கொப்பியை மட்டமாக வைத்து, வேறொருவரை அடையாளம் இடச் சொல்லி, தையற்காரரின் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். மாலையில் மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் குறைந்திருக்கும். முதுகெலும்பு நாள் முழுவதும் பாரம் தாங்கிய கதை அது. எழுத வேண்டியது மாலைக் கணக்கைத்தான்.

சென்ற ஆண்டு கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களோடு பயிற்சி எடுத்த ஒரு தம்பி தன் உயரம் ஆறடி ஒரு அங்குலம் என்று அடித்துச் சொன்னான். அளந்தோம். ஐந்தடி பதினொன்றரை. அவன் முகம் விழுந்துவிட்டது. மிச்சம் ஒன்றரை அங்குலமும் சப்பாத்தின் அடியிலும் நண்பர்களின் அன்பிலும் இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்பிஏயிலேயே 2019 முதல்தான் சப்பாத்தில்லாத உயரத்தைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த ஆண்டு பல பெரிய பெயர்கள் ஓரிரு அங்குலம் சுருங்கின.

உயரத்தோடு இன்னும் மூன்றை எழுதுங்கள்: நிறை, கைகளை விரித்த நீளம், நின்றபடி கையை உயர்த்தினால் எட்டும் உயரம். வளையம் 3.05 மீற்றரில் இருக்கிறது. நின்றபடி எட்டும் உயரத்துக்கும் வளையத்துக்கும் இடையே எவ்வளவு பாய வேண்டியிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: முதுகைத் திருப்புங்கள்

இதில்தான் நம் ஊர்ப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் கவிழ்கிறார்கள். நானும் கவிழ்ந்தவன்.

பாடசாலையில் ஆறடி உயரம் இருந்தால் பயிற்றுவிப்பாளர் உங்களைக் கொண்டுபோய் வளையத்துக்குக் கீழே, சென்டரின் இடத்தில் நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அடுத்த வாரப் போட்டியை வெல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகள் வளையத்துக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கி, தோளால் இடித்து, திரும்பிப் போடுவதையே நான் செய்தேன். நன்றாகவே செய்தேன். பிறகு கொழும்பில் ஒரு தெரிவுக்குப் போனேன். அங்கே சென்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் என்னைவிட ஐந்தாறு அங்குலம் உயரம். வரிசையில் என்னைப் பார்த்த பயிற்றுவிப்பாளர், “நீங்கள் கார்ட்தானே, பந்தைக் கொண்டு வாருங்கள்” என்றார். கார்ட் என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே கொண்டுபோகிறவர். ஒருவன் நெஞ்சோடு நெஞ்சாக நெருக்கி வர, இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு பாதி மைதானத்தைக் கடக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தேன். மூன்றாவது முறை அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

எனவே ஆறடி இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த ஆண்களே, வெளியில் நீங்கள் கார்ட். இன்றிலிருந்தே. நாள்தோறும் இருபது நிமிடம் இடக்கையால் மட்டும் பந்தைத் தட்டுங்கள் (இடக்கைக்காரர் வலக்கையால்). தலை நிமிர்ந்திருக்க வேண்டும். எதிரே ஒரு நண்பனை நிறுத்தி, அவன் காட்டும் விரல்களின் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். பிறகு அதே நண்பன் உங்களை நெருக்கிக் கையால் மறிக்கட்டும். எட்டு வினாடிக்குள் பாதி மைதானத்தைக் கடக்க வேண்டும் என்ற விதியை அப்போதுதான் உடம்பு கற்றுக்கொள்ளும். நேர்மையாகச் செய்தால் இதற்கு ஓராண்டு பிடிக்கும். ஆறு மாதத்தில் முடியும் என்று சொல்பவர் எதையோ விற்க வந்தவர்.

மூன்றாம் படி: கோட்டை நம்பாதீர்கள், கொப்பியை நம்புங்கள்

மூன்று புள்ளிக் கோடு 2010 வரை வளையத்திலிருந்து 6.25 மீற்றரில் இருந்தது. அதன் பிறகு சர்வதேசக் கோடு 6.75 மீற்றருக்குப் போனது. பழைய சீமெந்துத் திடல்களில் எந்தக் காலத்துக் கோட்டின் மேல் புதிய பெயின்ற் பூசியிருக்கிறார்கள் என்று அளந்தால்தான் தெரியும். வளையத்தின் நடுவிலிருந்து ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து நாடாவைப் பிடியுங்கள். மூலைகளில் தூரம் 6.60 மீற்றர். என்பிஏ கோடு 7.24 மீற்றர், அது உங்களுக்கு இப்போது தேவையில்லை.

கோட்டைச் சுற்றி ஐந்து இடங்கள், இடத்துக்கு இருபது எறிகை, மொத்தம் நூறு. பயிற்சியின் முடிவில், கால் களைத்த பிறகு எறியுங்கள். எத்தனை விழுந்தது என்பதைத் தேதியோடு கொப்பியில் எழுதுங்கள். காற்றையும் எழுதுங்கள். கல்லடிப் பக்கம் பின்னேரக் கடற்காற்றில் எறிந்த 48ம், மூடிய அரங்கில் எறிந்த 48ம் ஒன்றல்ல. மறிக்க ஆளில்லாமல் எறியும்போது 60க்குக் குறைவாக விழுந்தால் உங்களை எறிகைக்காரர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். இது என் அளவுகோல். வேறொருவர் 65 என்று சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஒரே வேலையை மற்ற எல்லோரையும்விட நன்றாகச் செய்தால் நாடு எது, ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. வலைப்பந்தில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அதைத்தான் காட்டினார். ஆஸ்திரேலியக் கழகத்துக்கு ஆடினார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிகக் கோல் போட்டவரும் அவர்தான். அங்கே அவர் ஆடிய இலங்கை அணி உலகின் முன்னணி அணிகளில் ஒன்றல்ல. வலைப்பந்து ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கு மாற நினைக்கும் தங்கைகள் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் எறிகை ஏற்கெனவே நன்றாக இருக்கும். பந்தோடு ஓடும் பழக்கம்தான் இராது. இரண்டாம் படியில் இரட்டிப்பு நேரம் செலவழியுங்கள்.

நான்காம் படி: வீடியோ

பாட்டுப் போடாதீர்கள். மெதுவாக ஓடும் காட்சிகளும் வேண்டாம், தீப்பிழம்பு எழுத்துகளும் வேண்டாம். மூன்று நிமிட வெட்டுத் தொகுப்பு ஒன்று. வெட்டாத முழுப் போட்டி ஒன்று. கழகத்துக்காரர்கள் தொகுப்பை முதல் நாற்பது வினாடி பார்ப்பார்கள்; பிடித்திருந்தால் முழுப் போட்டிக்குப் போவார்கள். பந்து கையில் இல்லாத நேரம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை அங்கேதான் தேடுவார்கள். தவறவிட்ட எறிகைக்குப் பிறகு திரும்பி ஓடுகிறீர்களா, இடுப்பில் கை வைத்து நிற்கிறீர்களா? என் பழைய போட்டி ஒன்றைப் பார்த்தேன். பெரும்பாலும் இடுப்பில் கை.

தொலைபேசியை நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரத்தில் நிறுத்துங்கள். வெயிலுக்கு எதிராக வேண்டாம். பத்துப் பேரும் தெரிய வேண்டும், உங்கள் இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கீழே பெயர், பிறந்த ஆண்டு, அளந்த உயரம், போட்டியின் தேதி, எதிரணி. அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: எங்கே ஆடுவது

பந்தை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்தக்கூடிய லீக் இலங்கையில் இல்லை. இங்கே சம்பளம் வேறு வாசல் வழியாக வருகிறது. முதல் வாசல் கொழும்பு வர்த்தக நிறுவனங்கள்: அவர்களுக்கிடையே மேர்க்கன்டைல் போட்டிகள் நடக்கின்றன, நல்ல ஆட்டக்காரருக்கு நிறுவனத்திலேயே வேலை கொடுத்து அணியில் சேர்ப்பார்கள். வேலைக் கடிதத்தை வாங்கியதும் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: முழங்கால் போனால் இந்த வேலை இருக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணக்குப் பிரிவிலோ விற்பனையிலோ வேலை பழகிக்கொள்ளும் ஆட்டக்காரனை நிறுவனம் முப்பத்தைந்து வயதிலும் வைத்திருக்கும். பந்து மட்டும் தெரிந்தவனை இருபத்தொன்பதில் அனுப்பிவிடும்.

இரண்டாவது வாசல் முப்படைகளும் பொலிஸும். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பலமான அணிகள் இருக்கின்றன, சம்பளம் நிலையானது. எங்கள் பகுதியில் இது பந்தைப் பற்றிய முடிவு மட்டுமல்ல என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் அம்மாவுக்கும் தெரியும். நான் யாருக்கும் போ என்றும் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை.

மூன்றாவது, பல்கலைக்கழகம். வந்தாறுமூலையோ ஒலுவிலோ கிடைத்தால் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில் இன்னும் நான்கு ஆண்டுகள் ஆடலாம். தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விளையாட்டை வைத்தே விசேட அனுமதி பெறவும் ஏற்பாடு உண்டு, சான்றிதழ்களைத் தொலைக்காதீர்கள்.

படிப்பையும் தொழிலையும் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் கூடைப்பந்தை வேரூன்றச் செய்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள். வெபர் அடிகளாரின் பெயரை விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. லூசியானாவில் பிறந்த ஹேபியர் அடிகளார் மிக்கேல் பையன்களைப் பயிற்றுவித்தவர். அவரே தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்த கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தையும் நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. பந்தையும் பட்டறையையும் ஒரே மனிதர் கவனித்தார் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆறாம் படி: நால்வர் போதும்

அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையிலும் காரைதீவிலும் அக்கரைப்பற்றிலும் இருப்பவர்களுக்கு முழு அணி சேர்ப்பதே பெரும்பாடு. உங்களுக்கு மூவர் கூடைப்பந்துதான் சரியான வாசல். அரை மைதானம், ஒரு வளையம், மூன்று பேர், மாற்றுக்கு ஒருவர். பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. பந்து கையில் வந்து 12 வினாடிக்குள் எறிய வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டு. 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டிகளில் இலங்கையின் ஆண், பெண் அணிகள் இரண்டும் இதில் ஆடின.

சர்வதேசச் சம்மேளனமான ஃபிபாவின் மூவர் கூடைப்பந்து இணையத்தளத்தில் உங்கள் பெயரில் இலவசமாகக் கணக்குத் தொடங்குங்கள். அங்கே பதிவான போட்டிகளில் ஆட ஆட உங்கள் பெயருக்கு நேரே புள்ளி ஏறும். உலகத் தரவரிசையில் ஓர் இலக்கம் வரும். லட்சக்கணக்கில் இருக்கலாம், கவலை வேண்டாம். ஆறடிக்காரனுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: மூவரில் ஒளிந்துகொள்ள இடமில்லாததால் எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டும். இரண்டாம் படியின் பரீட்சை இதுதான்.

ஏழாம் படி: வெளிநாடு, முகவர், காகிதம்

மாலைதீவு, வளைகுடா என்று வாய்ப்புக் காதில் விழும்போது கால் தரையில் இருப்பது கஷ்டம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பையன், ‘பதிவுக் கட்டணம்’ என்று ஒருவர் கேட்ட பணத்தை அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தான். கழகத்தின் கடிதத் தலைப்பில் கழகத்தின் பெயரே எழுத்துப் பிழையோடு இருந்ததைப் பணம் போன பிறகுதான் கவனித்தோம்.

முகவருக்குரிய கூலி, ஒப்பந்தம் கிடைத்த பிறகு வருவது. முன்பணம் கேட்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. சர்வதேச மாற்றங்களைச் செய்யும் முகவருக்கு ஃபிபாவின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிபாவின் தளத்திலேயே இருக்கிறது. அதில் அவருடைய பெயரைத் தேடுங்கள், பிறகு தேநீர் குடிக்கலாம்.

ஒரு நாட்டில் பதிவான ஆட்டக்காரர் இன்னொரு நாட்டில் ஆட, பழைய நாட்டின் சம்மேளனம் விடுகைக் கடிதம் தர வேண்டும். நீங்கள் இங்கே ஏதாவது கழகத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தால் அது முடியாமல் கடிதம் சிக்கும். ஆகவே உள்ளூரில் கையொப்பமிடும் காகிதத்தில்கூட முடிவுத் தேதி எது என்று பாருங்கள்.

வெளிநாட்டு ஒப்பந்தத்தில் நான் தேடுபவை இவை: சம்பளம் எந்தத் தேதியில், எந்த நாணயத்தில், தங்குமிடம் யார் பொறுப்பு, விமானச் சீட்டு இரு வழிக்குமா, விசா வேலை விசாவா, சுற்றுலா விசாவா (சுற்றுலா என்றால் கையெழுத்திடாதீர்கள்), காயம்பட்டால் வைத்தியச் செலவும் மிச்சச் சம்பளமும். கடைசியாக, தகராறு வந்தால் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற ஒரு வரி. 2007இல் ஃபிபா தொடங்கிய தீர்ப்பாயம் அது. அந்த வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அங்கே போக முடியாது. கழகங்கள் சில நேரம் அதை ‘மறந்துவிடும்’.

இன்னும் பாடசாலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கனவு இருந்தால் இப்போது எந்தக் கழகத்திடமும் சம்பளம் வாங்காதீர்கள். அங்கே தகுதியைத் தீர்மானிக்கும்போது அது குறுக்கே வரலாம். உயர்தரப் பெறுபேறுக்காக வீட்டில் சும்மா காத்திருக்கும் மாதங்களையும் அவர்கள் கணக்கில் எடுக்கக்கூடும். விதிகள் அண்மைக் காலத்தில் அடிக்கடி மாறுகின்றன. என்சிஏஏயின் தகுதி நிலையத் தளத்தை நீங்களே வாசியுங்கள், மாமா சொன்னார் என்று இருக்காதீர்கள்.

தெரிவுக்குப் போகும் நாள்

புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள். இரண்டு வாரம் போட்டுப் பழகியதைப் பையில் அல்ல, கையில் கொண்டுபோங்கள். தெரிவு காலையில் என்றால் முந்தின நாளே கொழும்பு சேர்ந்துவிடுங்கள். கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்ததும் பயிற்றுவிப்பாளரிடம் போய், “ஐயா, நான் ஒன்றை மட்டும் திருத்துவதென்றால் எதைத் திருத்த வேண்டும்?” என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதுங்கள். தெரிவாகாவிட்டாலும் அடுத்த ஆண்டு உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்கும். திரும்பி வரும் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள். இரவு ரயிலில் இருக்கை கிடைக்காமல் மாகோ வரை நின்று வந்த கால், அடுத்த இரண்டு நாளைக்குப் பயிற்சிக்கு உதவாது.